லோகன் கணவாயைச் சைக்கிளில் ஏறிக் கடப்பது எப்படி?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவின் குறுக்கே சுமார் 80 கிலோமீட்டர் செல்லும் ‘கோயிங் டு தி சன்’ சாலையை மூட்டை முடிச்சுடன் சைக்கிளில் கடக்க விரும்பும் புதியவர்கள், கால் வலுவைவிடக் கடிகாரத்தையே முதலில் கவனிக்க வேண்டும். கார்கள் மொய்க்கும் கோடையில், ஜூன் 15 முதல் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை வரை, மேற்குப் பக்கத்து லோகன் ஓடையிலிருந்து, இந்தச் சாலையின் உச்சியான லோகன் கணவாய்க்கு ஏறும் பாதையில் காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை சைக்கிள்களுக்கு அனுமதியில்லை. மெக்டொனால்டு ஏரிக்கரைச் சாலையின் ஒரு பகுதிக்கும் இந்தத் தடை உண்டு. பனி அகற்றப்பட்டுச் சாலை முழுவதும் திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அதையும் நடப்பு விதிகளையும் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்ட பிறகே தேதியைக் குறியுங்கள்.

முதல் நாள் இரவு ஏரிக்கரையிலுள்ள ஸ்பிரேக் கிரீக் முகாமில் தங்குங்கள். அங்கிருந்து லோகன் ஓடைக்கு முக்கால் மணி நேரமும், ஓடையிலிருந்து கணவாய்க்கு மூன்று மணி நேரமும் ஆகும். சுமையோடு ஏறுபவர் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டு, விடியற்காலை 5.30 மணிக்கே விளக்கெரிய விட்டுக் கிளம்பிவிட வேண்டும். இது கரடிகள் வாழும் காடு. உணவுடன் பற்பசையையும் சோப்பையும் கூடாரத்தில் வைக்காமல், முகாமின் உணவுப் பெட்டியில் பூட்டுங்கள். கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பானைப் பையின் அடியில் புதைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

ஏற்றத்தின் சாய்வு ஏறத்தாழ 6 விழுக்காடுதான். ஆனால் அது விடாமல் தொடரும். முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரத்தில் பற்கள் அதிகமாக இருந்தால் முழங்கால் தப்பிக்கும். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். மேலேறுபவருக்கு வலப்புறம் பள்ளத்தாக்கும் தாழ்வான கல்சுவரும் மட்டுமே இருப்பதால், பின்னால் கார் வருகிறதென்று சுவரோடு ஒட்டிச் செல்லாதீர்கள். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள்.

2,025 மீட்டர் உயரத்திலுள்ள உச்சியை அடைந்ததும் படம் எடுப்பதற்கு முன், வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி உலர்ந்ததை அணிந்து, அதன்மேல் காற்றுத்தடுப்பு மேலங்கியையும் கையுறையையும் போட்டுக்கொள்ளுங்கள். சாலையின் கிழக்கு முனையான செயின்ட் மேரி பக்கம் இறங்கும்போது விரல்கள் விறைத்துவிட்டால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது. பிரேக்கையும் தொடர்ந்து அழுத்தாமல், விட்டுவிட்டுப் பிடியுங்கள்.