எஸ்பிரெஸோ மெஷினைத் துலக்குவது எப்படி? கோத்தகிரி அடுப்படியிலிருந்து ஒரு செய்முறை

மெஷின் வாங்கிய நான்காவது மாதம் காபியில் ஒரு காறல் வந்தது. கசப்பு என்று சொல்ல முடியாது. பலகாரம் சுட்ட எண்ணெயை மூன்றாம் முறை காய்ச்சினால் வருமே, அந்தச் சிக்கு வாடை. கொட்டையை மாற்றினேன், பாலை மாற்றினேன். வீடியோக்களில் எல்லோரும் சொல்கிறார்களே என்று, உள்ளே உப்பு படிந்திருக்கும் என நினைத்து இரண்டு முறை அமிலம் ஓட்டி அலசினேன். காறல் போகவே இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியை எடுத்து, தண்ணீர் இறங்கும் வாயில் இருக்கும் வட்டச் சல்லடையைக் கழற்றினேன். பின்பக்கம் தார் பூசின மாதிரி கறுப்பு. தொட்டால் விரலில் பிசுக்கு. நான்கு மாதமாக அதன் வழியாக இறங்கிய தண்ணீரைத்தான் காபி என்று குடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வீடியோக்களில் தப்பில்லை. உப்புத்தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு அவை சரி. நீலகிரியில் ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் குடிக்கிற நமக்கு உப்பு ரொம்ப மெதுவாகத்தான் படியும். இங்கே மெஷினைக் கெடுப்பவை மூன்று: காபி எண்ணெய், பால், ஈரத்தில் வரும் பூஞ்சை. அதனால் இந்தச் செய்முறையும் அந்த மூன்றைச் சுற்றித்தான் போகும்.

முதலில் தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் துணிக்குச் சோப்பு போடும்போது நுரை தாராளமாக வருகிறதா? வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளைப் பொருக்கு இல்லாமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் உங்களுடையது மென்தண்ணீர். என் தங்கை திருப்பூரில் போர் தண்ணீர் ஊற்றி இதே மாடல் மெஷினை ஓட்டுகிறாள். அவள் வீட்டுக் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கும். அவளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உப்பு நீக்கியாக வேண்டும். எனக்கு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

மழைக்காலத்தில் இங்கே வேறு தொல்லை. குழாயில் கலங்கல் வரும். அந்த மண் பம்புக்குள் போனால் வம்பு. வடிகட்டிய தண்ணீரை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். உப்பு அநேகமாக இல்லாத தண்ணீர் உலோகத்தை அரிக்கும், தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் சென்சார் சில மெஷின்களில் அதை உணராமலும் போகும்.

தேவையானவை

ஓரம் நைந்த பழைய பருத்தித் துணி இரண்டு (ஒன்று பால் குழாய்க்கு, அதாவது பாலில் நுரை எழுப்பும் ஆவிக் குழாய்க்கு மட்டும்), கடினமான பழைய பல் துலக்கும் பிரஷ், திருப்புளி, ஊசி, காபி மெஷின் துலக்கும் பவுடர். இந்தப் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது சோடியம் பெர்கார்பனேட். வெந்நீரில் போட்டதும் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றும். பாத்திரம் கழுவும் திரவத்தை மெஷினுக்குள் ஓட்டாதீர்கள். நுரை லேசில் போகாது, வாசனை அதைவிடப் போகாது.

என் மாமியார் முதல் நாள் சொன்ன யோசனை: "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும் கண்ணு." பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. மெஷினில் பித்தளை இருந்தாலும் மேலே குரோம் பூச்சு இருக்கிறது. புளியும் கம்பி நாரும் பட்டால் பூச்சு போய்விடும்.

தினமும்: இரண்டு நிமிட வேலை

காபி இறக்கியதும் தூள் போட்டு மாட்டும் கைப்பிடியைக் கழற்றி, சக்கையைத் தட்டிக் கொட்டுங்கள். கைப்பிடி இல்லாமலே ஐந்து வினாடி தண்ணீரை ஓடவிடுங்கள், சல்லடையில் ஒட்டிய தூள் விழுந்துவிடும். சூடு இருக்கும்போதே ஈரத்துணியால் சல்லடையை ஒரு துடை. ஆறினால் அதே தூள் பசை மாதிரி இறுகும்.

பால் குழாய்தான் பொறுமை கேட்கும் இடம். பாலில் நுரை எழுப்பி முடித்த கையோடு, நொடிகூட வைக்காமல், ஈரத்துணியால் குழாயைத் துடையுங்கள். பிறகு துணியைக் குழாயின் வாய்க்குக் கீழே பிடித்து இரண்டு வினாடி ஆவியைத் திறந்துவிடுங்கள். ஏன் இந்த இரண்டாவது படி? ஆவியை மூடியதும் குழாய்க்குள் இருப்பது ஆறிச் சுருங்கும், வாயில் ஒட்டிய பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்த பால் உள்ளேயே வெந்து, மூன்றாம் நாள் புளித்த வாடை வரும். ஆவியை மூடிவிட்டுக் குழாயைப் பாலுக்குள்ளேயே விட்டுப் போன் பேசப் போனால் இன்னும் மோசம். நான் போயிருக்கிறேன். அடுத்த நாள் நுனியில் நான்கு துளைகளில் மூன்று அடைப்பு. நுனியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன்.

ஆவிக்குப் பிறகு உடனே காபி இறக்கினால் தண்ணீர் சீறித் தெறிக்கும். புதிதாக வாங்கியவர்கள் மெஷின் பழுது என்று பயந்துவிடுவார்கள். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் குறையும். மெஷினுக்குள் அழுத்தம் இருப்பதால் அதைவிடச் சூட்டிலும் தண்ணீர் தண்ணீராகவே நிற்கிறது. வெளியே வந்த கணம் ஒரு பங்கு ஆவியாகிவிடும், அதுதான் சீறல். சீறல் அடங்கும்வரை ஒரு டம்ளரில் தண்ணீரைப் பிடித்துவிட்டுப் பிறகு கைப்பிடியை மாட்டுங்கள். பிடித்த வெந்நீரில் கப்பைச் சூடாக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, சொட்டும் தண்ணீர் சேரும் கீழ்த்தட்டைக் கொட்டி அலசுங்கள். சமவெளியில் ஒருநாள் மறந்தால் ஒன்றும் ஆகாது. இங்கே பனிமூட்ட வாரத்தில் இரண்டு நாள் விட்டால் பச்சைப் பூஞ்சை பூத்திருக்கும்.

வாரம் ஒருமுறை: ஊறவைப்பது

அரை லிட்டர் கொதிநீரில் ஒரு டீஸ்பூன் பவுடர். அதில் பாஸ்கெட்டையும் (கைப்பிடிக்குள் தூள் நிற்கும் துளைக் கிண்ணம்) கைப்பிடியின் உலோகத் தலையையும் இருபது நிமிடம் மூழ்கவிடுங்கள். மரம் அல்லது பிளாஸ்டிக் பிடி தண்ணீருக்கு வெளியே நிற்கட்டும். தண்ணீர் மெல்லமெல்ல டிகாக்ஷன் நிறத்துக்கு வரும். அவ்வளவும் பழைய எண்ணெய். நன்றாக அலசி, பாஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பித்தளை பில்டரின் மேல்தட்டைப் பிடித்துப் பார்ப்போமே, அதேதான். எல்லாத் துளையிலும் வெளிச்சம் வர வேண்டும்.

விலை குறைந்த மெஷின்களோடு வரும் இரட்டை அடுக்குப் பாஸ்கெட்டில் உள்ளே நூறு துளை இருந்தாலும் வெளியே ஒரே ஒரு துளைதான் இருக்கும். அது அடைத்தால் காபி சொட்டுக்கூட இறங்காது. ஊசி அதற்குத்தான்.

அலுமினியத்தை மட்டும் இந்தக் கரைசலில் போடாதீர்கள், கறுத்துவிடும். சில கைப்பிடிகளின் தலை அலுமினியம். கையில் எடுத்தால் எடையே இல்லாமல் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு வீட்டுச் சம்பவம். நான் ஊரில் இல்லாத நாளில் மாமியார் பில்டர் காபித் தூளை மெஷினில் போட்டுவிட்டார். சிக்கரி கலந்த தூள். சட்டப்படி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி தண்ணீரில் கரைந்து பாகு மாதிரி பிசுபிசுக்கும். பில்டரில் அது மெதுவாக இறங்கி டிகாக்ஷனைக் கெட்டியாக்கும், அங்கே அது குணம். இங்கே 9 பார் அழுத்தத்தில் அது பாஸ்கெட் துளைகளில் அப்பிக்கொண்டது. பம்பு உறுமியது, சொட்டு இல்லை. "உன் மிஷினுக்கு நம்ம காபி ஒத்துக்கல" என்றார். ஒருவகையில் சரிதான். மெஷினுக்கு சிக்கரி இல்லாத தூள், பில்டருக்கு அவருடைய தூள் என்று அன்றைக்கே இரண்டு டப்பாவாகப் பிரித்துவிட்டோம்.

பின்னோட்டம்: உங்கள் மெஷினுக்கு உண்டா என்று பாருங்கள்

துளையே இல்லாத பாஸ்கெட்டைப் போட்டுப் பம்பை ஓட்டினால் தண்ணீர் போக இடமில்லாமல் நிற்கும். நிறுத்தியதும் அந்த அழுத்தம் வந்த வழியே திரும்பி, வால்வு வழியாகக் கீழ்த்தட்டில் கொட்டும். போகிற போக்கில் உள்ளே இருக்கும் பிசுக்கை இழுத்துக்கொண்டு போகும். இதற்கு மும்முனை வால்வு இருக்க வேண்டும். எல்லா மெஷினிலும் அது கிடையாது.

கண்டுபிடிப்பது சுலபம். காபி இறக்கி நிறுத்தியதும் 'புஸ்' என்ற சத்தத்தோடு கீழ்த்தட்டில் தனியாகக் கொஞ்சம் தண்ணீர் விழுந்து, சக்கை உலர்ந்த வில்லையாக வந்தால் வால்வு இருக்கிறது. சக்கை சேறாக இருந்து, கைப்பிடியை உடனே கழற்றினால் தூளோடு வெந்நீர் தெறிக்கிறது என்றால் இல்லை. இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். செய்து பார்த்தால் அழுத்தம் உள்ளேயே நிற்கும், திறக்கும்போது கை வெந்துவிடும்.

இருப்பவர்கள்: துளையில்லாப் பாஸ்கெட்டில் 3 கிராம் பவுடர், அரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் கூட. பத்து வினாடி ஓட்டு, பத்து வினாடி நிறுத்து, ஐந்து முறை. கைப்பிடியைக் கழற்றி அலசி, பவுடர் இல்லாமல் இன்னும் ஐந்தாறு முறை. பிறகு ஒரு காபி இறக்கிக் கீழே கொட்டிவிடுங்கள். கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், முதல் காபியில் பவுடர் வாடை இருக்கும்.

மாதம் ஒருமுறை: சல்லடைக்குப் பின்னால்

என்னை ஏமாற்றிய இடம் இதுதான். பிளக்கைப் பிடுங்கி, மெஷின் முழுக்க ஆறட்டும். காலையில் காபி போடுவதற்கு முன்பே செய்வது நல்லது. சல்லடையின் நடுவில் ஒரு திருகு இருக்கும். திருப்புளியை நேராக, அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பிசுக்கில் இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம், திருகின் தலை தேய்ந்துவிடும். துணியை வெந்நீரில் நனைத்துச் சல்லடைமேல் ஐந்து நிமிடம் பிடித்துவிட்டு மறுபடி முயலுங்கள். சில மாடல்களில் திருகு இல்லாமல் சல்லடை அமுங்கியே நிற்கும், கரண்டிக் காம்பால் நெம்பினால் வரும்.

சல்லடையும், அதற்கு மேலே தண்ணீரைப் பரப்பும் வில்லையும் இறங்கும். பித்தளை அல்லது எவர்சில்வர் என்றால் வாராந்திரக் கரைசலில் இதையும் போடலாம். பிரஷால் இரண்டு பக்கமும் தேய்த்து, சல்லடையை ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். கண்ணில் கறுப்புத் திட்டு பட்டால் இன்னொரு முறை. திருப்பி மாட்டும்போது திருகை விரலால் இறுக்கி, திருப்புளியால் கால் சுற்று மட்டும்.

சல்லடையைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறது, கேஸ்கெட். அதன் பள்ளத்திலும் பிரஷை ஓட்டுங்கள், தூள் அங்கே ஒளிந்துகொள்ளும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்க வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி கட்டியாக இருந்தாலோ, காபி இறங்கும்போது ஓரத்தில் தண்ணீர் கசிந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. தினமும் ஓடும் மெஷினில் ஒன்று இரண்டு வருடம் தாங்கும். அளவு மெஷினுக்கு மெஷின் மாறும், மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

உப்பு நீக்குவது

கையேட்டை முதலில் பாருங்கள். பாய்லர் அலுமினியம் என்றால் கம்பெனி சொல்லும் திரவத்தோடு நில்லுங்கள், அமிலம் அலுமினியத்தைத் தின்னும். மற்றவர்களுக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பே போதும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் 20 கிராம் கரைத்து டேங்கில் ஊற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கைக் காபி வாய் வழியாகவும், ஒரு பங்கைப் பால் குழாய் வழியாகவும் விடுங்கள். மெஷினை அணைத்து இருபது நிமிடம் காத்திருந்து மிச்சத்தையும் ஓட்டுங்கள். பிறகு இரண்டு டேங்க் நல்ல தண்ணீர். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் புளிப்பு தெரியக் கூடாது. வினிகர் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாடை காபியில் ஊறுகாய் மாதிரி வாரக்கணக்கில் நிற்கும், எனக்கு அது சரிவராது.

நடுவில் டேங்க் காலியாகிவிடாமல் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் சத்தம் மாறி வறட்டு இரைச்சலாகும். உடனே நிறுத்தி, டேங்கை நிரப்பி, ஆவிக் குழாயைத் திறந்துவைத்துப் பம்பை ஓட்டுங்கள். உள்ளே மாட்டிய காற்று வெளியே வந்ததும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்.

மழையிலும் பனியிலும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, கூடலூர் பக்கம் ஜூனிலிருந்தே. அந்த மாதங்களில் டேங்கில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். இரவில் கொட்டிவிட்டு மூடியைத் திறந்துவையுங்கள். டேங்கின் உள்சுவரில் விரலை ஓட்டினால் வழவழப்பு தெரிகிறதா? பூஞ்சை தொடங்கிவிட்டது. வெந்நீரும் பிரஷும் போதும். அரைக்கும் மெஷினில் கொட்டையை மிச்சம் வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளே அப்பும். அதைப் பிரஷால் மட்டும் தட்டுங்கள், தண்ணீர் காட்டக் கூடாது.

ஊட்டிப் பக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு டிசம்பர், ஜனவரியில் ஊருக்குப் போகிறவர்கள் பாய்லரையும் காலி செய்துவிட்டுப் போங்கள். உறைபனி நாளில் ஆள் இல்லாத, அடுப்பு எரியாத வீட்டுக்குள் தண்ணீர் உறைந்து விரிந்தால் பாய்லரோ குழாயோ விரிசல் விடும். பாய்லரைக் காலி செய்யும் முறை மெஷினுக்கு மெஷின் மாறும், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். டேங்கைக் கவிழ்த்து வெயிலில் வையுங்கள், வெயில் வந்தால்.