பழைய முகவரியைத் தொலைத்தால் தளமே தொலையும்: சிறு நிறுவனத் தளங்களைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் அறக்கட்டளை, பள்ளி, லாட்ஜ், கைத்தறிச் சங்கம் என்று சிறிய இடங்களின் இணையதளத்தைச் சோதித்துத் தரும் வேலைக்கு இப்போது நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு டூலை ஓட்டி, சிவப்பும் மஞ்சளுமாக வருகிற ரிப்போர்ட்டை அப்படியே செயலாளர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். டைட்டில் இல்லை, படத்துக்கு ஆல்ட் (படத்தை விவரிக்கும் மாற்று வரி) இல்லை, லிங்க் உடைந்திருக்கிறது என்பதையெல்லாம் அந்த டூலே சொல்லிவிடும். அதை விட்டுவிடுவோம். டூலின் கண்ணுக்குத் தப்புவது வேறு.

## புதுத் தளம் போடும்போது பழைய யூஆர்எல்களை (பக்க முகவரிகளை) கைவிடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. ஒரு நாள் உட்கார்ந்தால் தடுத்துவிடக்கூடிய நஷ்டம்.

வழக்கமாக நடப்பது இப்படி. பல வருஷமாக பிஎச்பியில் ஓடிய ஒரு அறக்கட்டளைத் தளத்தை வேர்ட்பிரஸுக்கு மாற்றுவார்கள். முன்பு 'டொனேட் டாட் பிஎச்பி' என்று இருந்த பக்கம் இப்போது வெறும் 'டொனேட்' ஆகிவிடும். தளம் பார்க்க அழகாக இருக்கும், எல்லோருக்கும் திருப்தி. சில வாரம் கழித்து கூகுளிலிருந்து வருகிறவர்கள் மளமளவென்று குறைவார்கள். அப்போது புது டிசைனைக் குறை சொல்வார்கள், ஹோஸ்டிங்கைக் குறை சொல்வார்கள்.

கூகுள் ஒரு பக்கத்தை அதன் முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. செய்தித்தாள் தளமோ கல்லூரித் தளமோ கொடுத்த லிங்க் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் சேர்ந்திருக்கும். அது 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று ஆனால் கூகுள் சில முறை வந்து பார்த்துவிட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். சேர்ந்த மதிப்பு புதுப் பக்கத்துக்குத் தானாகப் போகாது. கூகுளோடும் இது நிற்பதில்லை. ரசீதுப் புத்தகத்திலும் நோட்டீஸிலும் அச்சடித்த க்யூஆர் கோடு பழைய முகவரிக்குத்தான் போகும். நன்கொடை கொடுக்க ஸ்கேன் செய்தவர் 'பக்கம் இல்லை' என்பதைப் பார்த்துவிட்டு போனை மடக்கி வைத்துவிடுவார். அவர் மறுபடி வரமாட்டார்.

இதைவிட மோசம், எல்லாப் பழைய முகவரிகளையும் ஒரே பிளக்இன்னால் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404, அதாவது பக்கம் திறந்தாலும் இல்லாததற்குச் சமம் என்றே எடுத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் மட்டும் பிழை காணாமல் போகும்.

செய்ய வேண்டியது இது. பழைய தளம் உயிரோடு இருக்கும்போதே முகவரிகளைத் திரட்டுங்கள். தளம் கூகுளில் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, தேதியை 16 மாதம் என்று வைத்து, பேஜஸ் பட்டியலை இறக்குங்கள். லிங்க்ஸ் பகுதியில், வெளியிலிருந்து அதிகம் லிங்க் வாங்கிய பக்கங்களின் பட்டியலையும் எடுங்கள். தளத்தின் பக்கங்களை வரிசையாகத் திரட்டும் ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரி வரை ஓடும், சிறு தளத்துக்கு அது போதும். பழைய தளத்தை ஏற்கனவே அழித்துவிட்டார்கள் என்றால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினால் பெரும்பகுதி கிடைக்கும். பிடிஎஃப்களை மறக்காதீர்கள். விண்ணப்பப் படிவமும் ஆண்டறிக்கையும்தான் பல தளங்களில் அதிகம் லிங்க் ஆனவை.

எல்லாவற்றையும் ஒரே எக்செல் ஷீட்டில் போட்டு, பக்கத்து நிரலில் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் புதுப் பக்கத்தை எழுதுங்கள். பொருந்தும் பக்கமே இல்லையென்றால் 404 அல்லது 410 (பக்கம் நீக்கப்பட்டது) கொடுத்து விட்டுவிடுவது நேர்மை. மற்றதெல்லாம் 301, அதாவது நிரந்தரமாகத் திருப்பிவிடும் ரீடைரக்ட். முதலில் 302 (தற்காலிக ரீடைரக்ட்) போட்டுச் சோதித்துவிட்டு 301-க்கு மாற்றுங்கள். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், தப்பாகப் போட்டால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பழைய தவறு திரும்பத் திரும்ப வந்து குழப்பும்.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. பழைய சர்வர் விண்டோஸ், புதியது லினக்ஸ் என்றால் முகவரியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இனி வேறு வேறு. அதனால் 'டொனேட்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கிய பழைய லிங்க் தனியாக உடையும். இரண்டாவது சங்கிலி: எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்கு, அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ-வுக்கு, அங்கிருந்து புதுப் பக்கத்துக்கு என்று மூன்று தாவல் தாவக்கூடாது. ஒரே தாவலில் போய்ச் சேரவேண்டும். மூன்றாவது, டொமைன் பெயரே மாறியிருந்தால் பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விடுவது. அது கையில் இருக்கும்வரைதான் ரீடைரக்ட் வேலை செய்யும். விட்டால் யாராவது எடுத்து சூதாட்டத் தளம் போடுவார்கள், உங்கள் ரசீதில் உள்ள க்யூஆர் அங்கே கொண்டுபோய் விடும்.

ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அச்சில் போன முகவரி என்றால் எடுக்கவே எடுக்காதீர்கள்.

## பாமினி எழுத்தில் கிடக்கும் தமிழ்

பாமினி என்பது யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு. அச்சகத்தில் அதில் தட்டச்சு செய்த விவரத்தை அப்படியே தளத்தில் ஒட்டி, எழுத்துருவையும் ஏற்றிவிட்டால் கண்ணுக்குத் தமிழாகத்தான் தெரியும். கூகுளுக்கு அது தமிழ் இல்லை. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் உள்ளே இருக்கும். தமிழில் தேடுகிற யாருக்கும் அந்தப் பக்கம் கிடைக்காது. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால் எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றவேண்டும். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா, 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும் சிதைந்திருக்கிறதா என்று ஒரு தமிழ் தெரிந்தவர் வரிவரியாகப் படித்தே ஆகவேண்டும்.

## மாவட்டம் மாறியதைக் கவனிக்காதது

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜாபேட்டை, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். பல தளங்களின் அடிக்குறிப்பில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது, கூகுள் பிசினஸ் புரொஃபைலில் வேறு மாதிரி இருக்கிறது. பெயர், முகவரி, போன் எண் மூன்றும் எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். திருப்பத்தூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு: சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பதால், டைட்டிலில் ஊர்ப்பெயரை மட்டும் போட்டால் போதாது, மாவட்டம் என்ற சொல்லோ பக்கத்து ஊர்ப்பெயரோ சேரவேண்டும்.

## நோ-இண்டெக்ஸையும் ரோபோட்ஸ் தடையையும் சேர்த்துப் போடுவது

ஒரு பக்கம் கூகுளில் வரக்கூடாது என்று அதற்குள் நோ-இண்டெக்ஸ் குறிப்பைப் போட்டுவிட்டு, தேடுபொறிகள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்தால், கூகுள் உள்ளே வந்து அந்த நோ-இண்டெக்ஸைப் படிக்கவே முடியாது. நோ-இண்டெக்ஸ் மட்டும் போதும். வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் பகுதியில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. தளம் கட்டும்போது டிக் செய்தது திறந்தபின்னும் அப்படியே நிற்கும். முதலில் அதைப் பாருங்கள்.

## மெட்டா கீவேர்ட்ஸ்

தேடுசொற்களைப் பக்கத்தின் கோடுக்குள் பட்டியலிடும் இந்த வரியைத் தேடல் வரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. நேரத்தை வீணாக்காதீர்கள்.

## லைட்ஹவுஸில் 100 வாங்கத் துடிப்பது

பக்கத்தின் வேகம் முதலியவற்றுக்கு மதிப்பெண் போடும் கூகுள் கருவி லைட்ஹவுஸ். அது சோதனைக்கூட அளவு, உண்மையான வாசகரின் அனுபவம் அல்ல. ஆண்டுவிழாப் படத்தை கேமராவிலிருந்து வந்தபடியே ஏற்றாமல் 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

## டொமைன் யார் பெயரில்?

டிசைனர் பெயரில் இருந்தால் மற்ற வேலைக்கு முன் அதை மாற்றுங்கள்.

## வெளியூரிலிருந்து தேடுகிறவர்களை மறப்பது

வேலூர் சிஎம்சி மருத்துவமனைச் சிகிச்சைக்காக மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களை நம்பித்தான் காந்தி ரோடு லாட்ஜுகள் பல நடக்கின்றன. வாசலில் பெங்காலியில் போர்டு தொங்கும், தளத்தில் ஒரு வரி கூட இருக்காது. சர்ச் கன்சோலில் கன்ட்ரீஸ் பட்டியலையும் க்வெரீஸ் பட்டியலையும் திறந்தால் யார் தேடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். இதற்கு மொழிமாற்றும் விட்ஜெட்டை மூலையில் ஒட்டினால் பலனில்லை. அது பிரவுசருக்குள் மட்டும் எழுத்தை மாற்றும், கூகுள் சேர்த்துக்கொள்ளத் தனிப் பக்கம் உருவாகாது. பெங்காலி தெரிந்தவர் எழுதிய ஒரே ஒரு பக்கம், தனி யூஆர்எல்லில் வையுங்கள்: அறை வாடகை, மருத்துவமனை எத்தனை நிமிட நடை, காட்பாடி ஜங்ஷனிலிருந்து வரும் வழி, சமைக்க வசதி உண்டா. ஆங்கிலப் பக்கத்திலும் பெங்காலிப் பக்கத்திலும் எச்ரெஃப்லாங் (இதே பக்கம் வேறு மொழியில் எங்கே இருக்கிறது என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு) ஒன்றையொன்று சுட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டி மற்றது சுட்டாவிட்டால் கூகுள் அதை எடுத்துக்கொள்ளாது.