ஐந்து நூல் செப்புக் குழாயில் ஆறு துளை விசில்

அயர்லாந்து நாட்டுப்புற இசையில் வரும் டின் விசிலை வீட்டிலேயே செய்ய ஒரு முழம் செப்புக் குழாய் போதும். புதிதாக வாங்கவும் வேண்டாம். ஏசி பொருத்துபவர்களிடம் மிஞ்சிய துண்டுகள் எப்போதும் கிடக்கும். கேட்க வேண்டியது வெளிவிட்டம் ஐந்து நூல், அதாவது 15.88 மி.மீ. அதன் சுவர் 0.8 முதல் 1 மி.மீ. வரை இருக்கும், உள்விட்டம் ஏறக்குறைய 14 மி.மீ. கீழேயுள்ள அளவுகள் எல்லாம் இந்த உள்விட்டத்துக்கானவை. நான்கு நூல் குழாயில் இதே அளவில் துளைத்தால் சுரம் சேராது.

சுருளிலிருந்து வெட்டிய துண்டானால் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து உருட்டி நேராக்குங்கள். நசுங்கிய துண்டை ஒதுக்கிவிடுங்கள். 350 மி.மீ. நீளம் வாங்கினால் தவறுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். இவை தவிர ஒரு துண்டு தேக்கு, இரும்பு ரம்பம், தட்டை அரம், 3 மி.மீ. அகலமுள்ள சிறு தட்டை அரம், சிறு உருண்டை அரம், டிரில், கைபேசியில் ஒரு ட்யூனர் செயலி ஆகியவை தேவை.

குழாயை 315 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். டியூப் கட்டரால் வெட்டினால் விளிம்பு உள்பக்கமாக மடங்கி வாயைச் சுருக்கிவிடும். அதை உருண்டை அரத்தால் முழுவதும் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடிச்சுரம் இறங்கிப்போகும்.

இனி வருவதுதான் உண்மையான வேலை. விரல் துளைகள் கொஞ்சம் பிசகினால் சரிசெய்துகொள்ளலாம். ஒலி பிறப்பது ஊதும் முனைக்கு அருகேயுள்ள சிறு சன்னலில். அங்கே அரை மி.மீ. தவறினாலும் காற்றுச் சத்தம் மட்டுமே வரக்கூடும். மொத்த நேரத்தில் பாதியை இந்தச் சன்னலுக்கே ஒதுக்குங்கள்.

ஊதும் முனையிலிருந்து 30 மி.மீ. தள்ளி ஒரு கோடு, அங்கிருந்து 4 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே சிறு தட்டை அரத்தைக் குறுக்காக வைத்து நேராக ராவுங்கள். வெளிப்பரப்பிலிருந்து 2 மி.மீ. ஆழம் போனதும் உள்ளே சுமார் 8 மி.மீ. அகலத்தில் சன்னல் திறந்திருக்கும். அகலத்தைத் தனியாக அளக்க வேண்டியதில்லை, ஆழம் சரியானால் அகலம் தானாக அமையும். ஊதும் முனைப் பக்கத்து விளிம்பைச் செங்குத்தாகவே விடுங்கள். எதிர்விளிம்புதான் அலகு. அதன் வெளிப்பக்கத்தை 8 மி.மீ. தொலைவிலிருந்து சரிவாக ராவி, முனையில் கத்தி போல மெலிதாக்குங்கள். உள்பக்கத்தில் அரம் படக்கூடாது. பிசிறு மட்டும் நீங்கினால் போதும்.

இந்த நிலையில் அலகு குழாயின் உள்பரப்போடு ஒட்டியே நிற்கிறது. வரும் காற்று முழுவதும் அதன் அடியில் நழுவிப்போகும். எனவே அலகின் நடுப்பகுதியை அரை மி.மீ. அளவு கீழே அழுத்த வேண்டும். வழவழப்பான ஆணித்தலையோ ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியோ போதும். குழாய் கடினமாக இருந்தால் அந்த முனையை மட்டும் அடுப்புத் தீயில் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்குங்கள். எஃகு இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும்.

ஊதும் முனைக்குள் செருகும் அடைப்புக்குத் தேக்கை 30 மி.மீ. நீளத்தில், குழாய்க்குள் இறுக்கமாக நுழையும்படி உருட்டிச் சீவுங்கள். அதன் மேல்பக்கத்தைத் தட்டையாகத் தேய்க்க வேண்டும். தட்டைப் பகுதியின் அகலம் 8 மி.மீ. ஆனதும் நிறுத்துங்கள். அப்போது நடுவில் 1.2 மி.மீ. உயரமுள்ள காற்றுப்பாதை கிடைக்கும். அடைப்பின் உள்முனை சன்னலின் செங்குத்து விளிம்போடு சரியாக நிற்க வேண்டும். ஊதும் முனை வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். பாதையின் நடு உயரத்தில் அலகு ஒரு கோடாகத் தெரிந்தால் அமைப்பு சரி. பசை இப்போது வேண்டாம்.

ஊதிப் பாருங்கள். இரைச்சல் மட்டும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அலகின் உயரம். அலகு பாதைக்கு மேலே இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள், மிகவும் கீழே போயிருந்தால் உள்ளிருந்து நெம்புங்கள். அது சரியாக இருந்தும் கரகரத்தால் அடைப்பின் உள்முனை மேல்விளிம்பில் அரை மி.மீ. சரிவு தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். மெதுவாக ஊதும்போதே மேல் ஸ்தாயிக்குத் தாவினால் சன்னல் நீளம் போதவில்லை. அலகை ராவி 4 மி.மீ.யை 4.5 ஆக்குங்கள். 5-ஐத் தாண்டினால் மேல் ஸ்தாயிக்கு மூச்சு அதிகமாகச் செலவாகும்.

ஒலி தெளிந்த பிறகே நீளம். இலக்கு D, 587 ஹெர்ட்ஸ், நம் கணக்கில் இரண்டு கட்டை. துளையில்லாத குழாய் இப்போது கொஞ்சம் தாழ்ந்து ஒலிக்கும். கீழ்முனையை அரத்தால் குறையுங்கள். 1 மி.மீ. குறைந்தால் சுரம் சுமார் 6 சென்ட் ஏறும் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). அலகிலிருந்து கீழ்முனைவரை 270 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் D வந்து சேரும். சரியான எண் உங்கள் சன்னலைப் பொறுத்தது. வெப்பநிலையும் கணக்கில் உண்டு: 5 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுரம் 15 சென்ட் அளவுக்கு உயரும். ஏசி அறையில் சுருதி சேர்த்த விசில் மொட்டை மாடியில் ஏறி ஒலிப்பது அதனால்தான். ஊதிச் சூடேற்றிய பிறகே ட்யூனரைப் பாருங்கள்.

துளைகளின் இடத்தைக் கீழ்முனையிலிருந்து அளக்க வேண்டும், ஊதும் முனையிலிருந்து அல்ல. சன்னல்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும் அந்த வேறுபாடு நீளத்தைச் சரிசெய்யும்போதே தீர்ந்துவிடுகிறது. துளையின் மையத்துக்கான தூரமும் இறுதி விட்டமும்:

முதல் துளை (E): 47 மி.மீ., விட்டம் 6
இரண்டாவது (F ஷார்ப்): 71 மி.மீ., விட்டம் 8
மூன்றாவது (G): 85 மி.மீ., விட்டம் 5.5
நான்காவது (A): 110 மி.மீ., விட்டம் 6.5
ஐந்தாவது (B): 130 மி.மீ., விட்டம் 7
ஆறாவது (C ஷார்ப்): 150 மி.மீ., விட்டம் 6.5

ஒவ்வொன்றையும் இறுதி விட்டத்துக்கு 1 மி.மீ. குறைவாகவே துளையுங்கள். செம்பு மிருதுவானது, பெரிய பிட்டை நேராக வைத்தால் கவ்வி இழுத்துத் துளையைக் கிழித்துவிடும். உள்ளே ஒரு மரக்குச்சியைச் செருகி, சென்டர் பஞ்சால் புள்ளி வைத்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, ஒரு சொட்டு எண்ணெயோடு மெதுவான வேகத்தில் படிப்படியாகப் பெரிதாக்குங்கள்.

சுருதி சேர்ப்பது கீழிருந்து மேலாக. கீழ்த் துளையின் அளவு அதற்கு மேலுள்ள சுரங்களையும் பாதிக்கும் என்பதால் வரிசையை மாற்றக்கூடாது. உருண்டை அரத்தால் பெரிதாக்கினால் சுரம் ஏறும். ஊதும் முனைப் பக்கம் அதிகமாக ராவினால் வேகமாக ஏறும். மீறிப்போனால் அந்தப் பக்க விளிம்பில் எபாக்ஸி தடவிக் குறுக்கலாம். மூன்றாவது துளை இரண்டாவதுக்கு நெருக்கமாக இருப்பது பிழையல்ல, F ஷார்ப்புக்கும் G-க்கும் இடைவெளி அரைச்சுரம்தான்.

எல்லாத் துளையையும் மூடி அதை ஸட்ஜமாகக் கொண்டு வரிசையாகத் திறந்தால் சங்கராபரணம் வரும். புல்லாங்குழல் பழகியவர்கள் மேல் இரண்டை மட்டும் மூடி ஸட்ஜமாக வைப்பார்கள். அப்போது இது ஆறு கட்டைக் குழல், ஸ்வரங்கள் ஹரிகாம்போதி. பழகிய விரல்முறை அப்படியே உதவும்.

எல்லாம் திருப்தியானால் அடைப்பை எடுத்து, ஆளிவிதை எண்ணெய் பூசி நன்கு உலர்த்தி, அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு எபாக்ஸி வைத்து நிரந்தரமாகச் செருகுங்கள். காற்றுப்பாதைக்குள் பசை வழியக்கூடாது. வெறும் செம்பு உதட்டில் படுவது நல்லதல்ல. ஈரத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஊதும் முனையின் வெளிப்பக்கத்துக்கு நிறமற்ற லாக்கர் பூசுங்கள் அல்லது மெல்லிய தோலைச் சுற்றி ஒட்டுங்கள். மீதிக் குழாயைப் புளியும் உப்பும் போட்டுத் துலக்கலாம், அலகை மட்டும் தேய்க்காமல். வாசிக்கும்போது மூச்சின் ஈரம் பாதையில் துளியாகக் கட்டி ஒலி மங்கினால், சன்னலை விரலால் மூடி ஒருமுறை பலமாக ஊதுங்கள். அடிக்கடி நேர்ந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்து ஒரு சொட்டுப் பாதைக்குள் விட்டு உலரவிடுங்கள். அதன்பின் ஈரம் துளியாகத் திரளாமல் படலமாகப் பரவும்.