ஆர்கானிக் பனியனுக்குச் சான்று வாங்குவோர் செய்யும் தவறுகள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதித் தொழிலுக்கு நான் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதலில் மெர்ச்சண்டைசராக இருந்தேன், பிறகு சொந்தமாக ஒரு சிறிய யூனிட் நடத்தினேன், இப்போது சிறு நிறுவனங்களுக்குச் சான்றிதழ் ஆவண வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். சென்ற மாதம் தம்பி ஒருவர் ஒரு கோப்புடன் வந்தார். குழந்தைகளுக்கான ஆர்கானிக் பருத்தி உடைக்கு ஐரோப்பிய பையர் ஒருவரிடமிருந்து கிடைத்த முதல் ஆர்டர் அது. நூல் வாங்கியாகிவிட்டது, நிட்டிங் முடிந்து ஒரு பகுதித் துணிக்குச் சாயமும் ஏற்றியாகிவிட்டது. "பேப்பரெல்லாம் சரியா இருக்குதுங்கண்ணா, மில்லோட ஜிஓடிஎஸ் சர்டிபிகேட் வாங்கி வெச்சிருக்கேன்" என்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளைக் காட்டினார். கோப்பில் நூலுக்கு இருந்த சான்று அந்த ஒரு தாள்தான்.

படிவத்தில் முகவரியைத் தவறாக எழுதுவது, கட்டணத்தைக் கடைசி நாளில் கட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் எழுத விரும்புவது, நானே பணத்தை இழந்து கற்றுக்கொண்டவற்றையும், இன்றும் வாரம் ஒருவர் என் மேசைக்குக் கொண்டுவருபவற்றையும்தான்.

மில்லின் சான்றிதழைச் சரக்கின் சான்றிதழாக எண்ணுவது

ஜிஓடிஎஸ் எனப்படும் உலகளாவிய இயற்கை ஜவுளித் தரநிலையில் இரண்டு வகைச் சான்றிதழ்கள் புழங்குகின்றன. ஒன்று ஸ்கோப் சர்டிபிகேட். ஒரு நிறுவனத்தைச் சான்றளிப்பு அமைப்பு நேரில் தணிக்கை செய்து, இன்னின்ன பொருள்களை இன்னின்ன முறையில் தயாரிக்க இந்த நிறுவனம் தகுதி பெற்றது என்று ஓராண்டுக்குக் கொடுப்பது அது. மற்றொன்று டிரான்சாக்ஷன் சர்டிபிகேட், நம் ஊர் வழக்கில் டி.சி. குறிப்பிட்ட இன்வாய்ஸில், குறிப்பிட்ட எடையில், இன்னாரிடமிருந்து இன்னாருக்குப் போன சரக்கு தரநிலைக்கு உட்பட்டது என்று சொல்வது அதுதான். சான்று பெற்ற மில் சாதா நூலையும் ஓட்டலாம், தனியாகப் பிரித்து ஓட்டினால் தரநிலை அதைத் தடுப்பதில்லை. ஆகவே மில் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஸ்கோப் சர்டிபிகேட், உங்கள் கோடவுனில் இறங்கியிருக்கும் நூல் கோன்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

இது தெரியாமல்தான் பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் 1,800 கிலோ முப்பதாம் நம்பர் கோம்டு நூல் வாங்கினேன். சாதா நூலைவிடக் கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். வாங்கியது மில்லிடமிருந்து நேராக அல்ல, இடையில் ஒரு நூல் வியாபாரி இருந்தார். அவர் மில்லின் ஸ்கோப் சர்டிபிகேட் நகலை பில்லோடு சேர்த்துக் குத்திக் கொடுத்தார், நானும் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டேன். ஷிப்மென்ட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, என் டி.சி. விண்ணப்பத்தைப் பார்த்த சான்றளிப்பு அமைப்பினர் நூலுக்கான டி.சி. எங்கே என்று கேட்டார்கள். மில்லுக்குப் போன் செய்தேன். டி.சி. எடுத்துத் தரத் தயார், ஆனால் பில் வியாபாரியின் பெயரில் இருப்பதால் டி.சி.யும் அவர் பெயருக்குத்தான் வரும் என்றார்கள். வியாபாரியோ சான்று பெறாதவர், எனவே அவரிடமிருந்து எனக்கு டி.சி. வர வழியே இல்லை. சங்கிலி அவரோடு அறுந்துவிட்டது.

பையர் சரக்கைச் சாதாரணப் பருத்தி உடையாக, விலையைக் குறைத்து எடுத்துக்கொண்டார். அதற்கு முன் 12,000 பீஸ்களிலிருந்தும் ஆர்கானிக் லேபிளை நீக்க வேண்டியிருந்தது. இரண்டு இரவு பத்துப் பெண்கள் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்ததால், மறுபடி அயர்ன் செய்து, அதே இடத்தில் வேறு லேபிளைத் தைத்து மறைத்தோம். அந்த நூல் உண்மையாகவே ஆர்கானிக்காகத்தான் இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை, வியாபாரியும் தெரியாமல் செய்தவரே. ஒரு பில்லை யார் பெயரில் போடுவது என்பதை முதல் நாளே கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம் என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. தரகர் வெறுமனே பேசி முடித்துக் கமிஷன் வாங்கினால் சிக்கல் இல்லை. சரக்கைத் தம் பெயரில் வாங்கி விற்பவராக இருந்தால் அவரும் சான்று பெற்றிருக்க வேண்டும்.

இப்போது நான் சொல்லிக் கொடுக்கும் முறை இதுதான். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "ஜிஓடிஎஸ் ஆர்கானிக் நூல், டி.சி. உடன்" என்று எழுதி, டி.சி. கைக்கு வந்த பிறகே கடைசித் தவணைப் பணம் என்று நிபந்தனை வைக்க வேண்டும். பஞ்சு வாங்கியதற்கான டி.சி. மில்லிடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும், ஏனெனில் அது இல்லாத மில்லால் உங்களுக்கு டி.சி. வாங்கித் தர முடியாது. இன்வாய்ஸ், டெலிவரி சலான், கோன் ஸ்டிக்கர் மூன்றிலும் லாட் எண் ஒன்றாக இருக்க வேண்டும். நிட்டிங், சாயம், கட்டிங் ஒவ்வொன்றிலும் எவ்வளவு கழிவு போனது என்ற கணக்கும் வேண்டும். ஆயிரம் கிலோ நூலில் தொள்ளாயிரத்து எண்பது கிலோ உடை வந்ததாக எழுதிக் கொடுத்தால், கட்டிங் மேசையைப் பார்த்தறியாத தணிக்கையாளர்கூட மீதிச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்.

டி.சி. என்று ஒரு தாள் வந்துவிட்டாலும் அதைச் சரிபார்க்காமல் விடக் கூடாது. இந்தியாவில் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று பொய்யாகக் காட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்ததாக 2020 அக்டோபரில் ஜிஓடிஎஸ் அமைப்பே அறிவித்து, 11 நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. பஞ்சுக்கான டி.சி.க்களையே போலியாகத் தயாரித்திருந்தார்கள். அவற்றிலிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், அரசு நிறுவன இணையதளத்தைப் போலவே அமைத்த போலித் தளம் திறந்தது. ஆகவே தாளில் உள்ள கோடை நம்பாமல், டி.சி. எண்ணைக் குறிப்பிட்டு, அதை வழங்கிய சான்றளிப்பு அமைப்புக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நிறுவனம் சான்று பெற்றதுதானா என்பதை ஜிஓடிஎஸ் பொதுத் தரவுத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜாப் ஒர்க் யூனிட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

தம்பியின் விஷயத்தில் பில் மில்லிலிருந்து நேராக வந்திருந்ததால் நூலுக்கு டி.சி. கிடைத்துவிட்டது. ஆனால் கூலிக்கு (ஜாப் ஒர்க்) சாயம் ஏற்றிக் கொடுத்த பட்டறை, தம்பியின் சொந்த யூனிட்டுக்கான ஸ்கோப் சர்டிபிகேட்டின் இணைப்புப் பட்டியலில் இல்லை, தனிச் சான்றும் பெறவில்லை. நிட்டிங், சாயம், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி பதப்படுத்துவது), பிரிண்டிங் என்று துணி போகும் ஒவ்வொரு யூனிட்டும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் வந்தாக வேண்டும். சாயமேறிய துணியைச் சாதா ஆர்டருக்குத் தள்ளிவிட்டு, மீதித் துணியை வேறு பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நம் ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே இயங்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லி, எங்களிடம் ஒரு சொட்டும் நொய்யலுக்குப் போவதில்லை, வேறு சான்று எதற்கு என்று கேட்கும் பட்டறைக்காரர்கள் உண்டு. அவர்கள் சொல்வது நியாயந்தான், ஆனால் பதில் ஆகாது. கழிவுநீரோடு, பயன்படுத்தும் சாயமும் ரசாயனமும் ஒப்புதல் பெற்றவையா, தொழிலாளர் நிலை எப்படி என்பதையும் ஜிஓடிஎஸ் பார்க்கிறது.

ஓக்கோ-டெக்ஸை ஆர்கானிக் என்று படிப்பது

1992 முதல் இருந்துவரும் ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100, பொருளில் தீங்கான வேதிப்பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று ஆய்வகத்தில் சோதித்துச் சொல்வது. மூன்று வயது வரையிலான குழந்தைகளின் உடைக்கு அதில் முதல் வகுப்பு, வரம்புகளும் மிகக் கடுமை. நல்ல சான்றுதான், ஆனால் பருத்தி எந்த வயலில் எப்படி விளைந்தது என்பது அதன் கேள்வியே அல்ல. பாலியஸ்டர் சட்டைக்கும் அது கிடைக்கும். ஓசிஎஸ் எனப்படும் ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்ட் இதற்கு நேர்மாறானது. ஆர்கானிக் இழை எவ்வளவு, அது எந்த வழியாக வந்தது என்பதை மட்டும் அது தொடர்கிறது, சாயத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

95-ஐயும் 70-ஐயும் குழப்பிக்கொள்வது

ஜிஓடிஎஸ்ஸில் 95 சதவீதம் ஆர்கானிக் இழை இருந்தால் "ஆர்கானிக்", 70 சதவீதம் இருந்தால் "ஆர்கானிக் கொண்டு செய்தது". ஐந்து சதவீத எலாஸ்டேன் (இழுபடும் செயற்கை இழை) என்று விலை சொல்லிவிட்டு, ஸ்ட்ரெட்ச் போதவில்லை என்று பையர் கேட்டதும் எட்டாக்கினால், லேபிள் தரம் ஒரு படி இறங்கிவிடும். ஆர்கானிக் பருத்தியோடு சாதாப் பருத்தியைக் கலப்பதற்கு எந்த அளவிலும் அனுமதி இல்லை.

காலாவதித் தேதி

ஆர்டர் வாங்கும் நாளில் சான்றிதழ் செல்லுமா என்று மட்டும் பார்க்காமல், சரக்கு கிளம்பும் நாளிலும் செல்லுமா என்று பாருங்கள்.

மறுசுழற்சி இழை

ஜிஆர்எஸ் எனப்படும் குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட் சான்றுக்கு 20 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் போதும், அதன் லேபிள் ஒட்ட 50 சதவீதம் வேண்டும்.

சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து அச்சடிப்பது

லேபிள் ஆர்ட்ஒர்க்கைச் சான்றளிப்பு அமைப்பு பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். சின்னத்தோடு தரம், சான்றளித்த அமைப்பு, உரிம எண் ஆகியவையும் இருக்க வேண்டும். தம்பி ஏற்கெனவே அச்சடித்திருந்த, உடையில் தொங்கவிடும் ஹேங் டேக் அட்டையில் உரிம எண் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பச்சை இலையும், "எகோ ஃப்ரெண்ட்லி" என்ற வாசகமும் இருந்தன. சான்றுத் திட்டம் எதையும் சாராத இத்தகைய சின்னங்களையும், ஆதாரம் காட்ட முடியாத பொத்தாம் பொதுவான பசுமை வாசகங்களையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு நெறியாணை தடை செய்கிறது. அந்தத் தடை அமலாகும் நாள் 2026 செப்டம்பர் 27. இங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இது போன்ற வாசகங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. இந்த இலைக்குச் சான்று கொடுத்தது யார் என்று தம்பியிடம் கேட்டேன்.

"யாரும் இல்லைங்கண்ணா, அந்த எடம் காலியா இருந்துதுன்னு டிசைனர் போட்டுட்டாரு."