இடப்பெயர்வும் பண்பாடும்: ஒரே நிகழ்வை வைத்து எல்லாக் கருத்துகளையும் படிக்கும் முறை

மானிடப் புவியியல் நூல்களில் இடப்பெயர்வு ஓர் அத்தியாயம், பண்பாடு இன்னோர் அத்தியாயம். முதலாவதில் உந்து காரணி, ஈர்ப்புக் காரணி, ரேவன்ஸ்டைன் விதிகள். இரண்டாவதில் பரவல், தன்மயமாதல், பண்பாட்டு நிலத்தோற்றம். வரையறைகளை மனப்பாடம் செய்வது கடினமே இல்லை. ஆனால் ஒரு வரைபடத்தைக் காட்டி "இங்கே என்ன நடந்திருக்கிறது?" என்று கேட்டால், எந்தச் சொல்லை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் கை நின்றுவிடும். எனக்கு அந்தத் தடை நீங்கியது ஒரே வழியில்: ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, எல்லாக் கருத்துகளையும் வரிசையாக அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிறப்பு வீதம், இறப்பு வீதம் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

ஒரு பெரிய வெள்ளைத் தாள், எல்லைக்கோடுகள் மட்டும் உள்ள உலக வரைபடம், இரண்டு நிறப் பென்சில்கள். போதும். கணினியில் வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் அருமையான மென்பொருள், இலவசமும்கூட. ஆனால் தொடக்கத்தில் அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அம்புக்குறியைக் கையால் வரையும்போது அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் நீங்களே யோசித்து முடிவு செய்தாக வேண்டும். பாடமே அந்த யோசனையில்தான் இருக்கிறது. எண்களுக்கு ஐ.நா. பொருளாதார, சமூக விவகாரத் துறையின் தரவு அட்டவணைகளைத் தவிர வேறெதையும் முதலில் திறக்காதீர்கள்.

படி 1: நிகழ்வைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்கிய இடம், சேர்ந்த இடம், தொடங்கிய ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுத முடிய வேண்டும். "உலகமயமாதல்" என்று எழுதினால் அது நிகழ்வு ஆகாது. நான் எடுத்துக்கொள்வது: துருக்கியிலிருந்து மேற்கு ஜெர்மனிக்கு, 1961 முதல்.

படி 2: என்ன வகை?

மூன்று கேள்விகள். நாட்டெல்லையைத் தாண்டினார்களா? எவ்வளவு காலம்? விரும்பிப் போனார்களா, விரட்டப்பட்டார்களா? வழக்கமாக வசிக்கும் நாட்டை விட்டு வேறொரு நாட்டில் குறைந்தது 12 மாதம் தங்குபவரை நீண்டகால இடம்பெயர்ந்தவர் என்று ஐ.நா. கணக்கில் சேர்க்கிறது. நம் நிகழ்வு எல்லை தாண்டியது, விரும்பிப் போனது. காலம் மட்டும் சிக்கலானது. 1961 அக்டோபர் 30 அன்று இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தொழிலாளர்கள் தங்குவதற்கு இரண்டு ஆண்டு வரம்பு இருந்தது. பழகிய தொழிலாளியை அனுப்பிவிட்டுப் புதியவரை மறுபடி பழக்குவது முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. 1964இல் வரம்பு நீக்கப்பட்டது. அதனால் "தற்காலிகம்" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். பக்கத்தில் 1964 என்று குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 3: காரணிகள் – இரண்டு பட்டியல் போதாது

எல்லோரும் இங்கே தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் உந்து காரணி (ஊரை விட்டுத் தள்ளுவது), வலப்பக்கம் ஈர்ப்புக் காரணி (புதிய இடத்துக்கு இழுப்பது) என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். மக்கள்தொகை ஆய்வாளர் எவரெட் லீ 1966இல் எழுதிய கட்டுரை இதைவிடச் செறிவானது. புறப்படும் இடத்திலும் நல்லது கெட்டது உண்டு, சேருமிடத்திலும் உண்டு. இடையே தடைகள் உண்டு. இவற்றை எடைபோடும் மனிதரின் சொந்த நிலையும் உண்டு. ஆக நான்கு கட்டங்கள்.

நிரப்பிப் பாருங்கள். புறப்படும் இடம்: கிராமங்களில் வேலைப் பற்றாக்குறை, கூடவே உறவும் நிலமும் என்ற பிடிமானம். சேருமிடம்: ஆலைகளில் ஆள் தட்டுப்பாடு, கூடவே தெரியாத மொழி. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்ததும் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த உழைப்பாளர்கள் நின்றுபோனது ஈர்ப்பை இன்னும் கூட்டியது. தடை: இஸ்தான்புல்லில் இருந்த ஜெர்மன் அலுவலகத்தின் மருத்துவப் பரிசோதனை. சொந்த நிலை: வயது, திருமணம், கைத்தொழில். ஒரே கிராமத்தில் ஒருவர் போக மற்றவர் தங்கிவிட்டது ஏன் என்பதற்கு விடை கடைசி இரண்டு கட்டங்களில்தான் கிடைக்கும். இரண்டு பட்டியல்கள் மட்டும் போட்டால் ஊரே காலியாகியிருக்க வேண்டும்.

படி 4: பாதை

ரேவன்ஸ்டைன் 1885இலும் 1889இலும் வெளியிட்ட விதிகளை இங்கே கொண்டுவாருங்கள். (ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த வரைபட வல்லுநர் அவர். இடப்பெயர்வுக்கு விதி எழுதியவரே ஓர் இடம்பெயர்ந்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.) பெரும்பாலோர் குறைந்த தூரமே போகிறார்கள், பலர் படிப்படியாக நகர்கிறார்கள், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்பவை முக்கியமானவை. கிராமத்திலிருந்து இஸ்தான்புல் போன்ற நகரத்துக்கு வந்து, அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனவர்களைப் படிப்படியான இடப்பெயர்வு என்று குறியுங்கள். ஒரு நிறத்தில் போகும் அம்பு, இன்னொரு நிறத்தில் திரும்பும் அம்பு. இரண்டின் வித்தியாசம்தான் நிகர இடப்பெயர்வு.

இப்போது 1973க்கு வாருங்கள். எண்ணெய் நெருக்கடியை ஒட்டி அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று மேற்கு ஜெர்மனி வெளிநாட்டு ஆள்சேர்ப்பை நிறுத்தியது. துருக்கிய மக்கள்தொகை குறைந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். கூடியது. அதுவரை ஊருக்குப் போய்ச் சில ஆண்டு கழித்துத் திரும்பி வரலாம் என்ற வாய்ப்பு இருந்தது. கதவை மூடியதும், போனால் திரும்ப முடியாது என்ற நிலை. அதனால் தங்கினார்கள், மனைவியையும் கணவனையும் பிள்ளைகளையும் வரவழைத்தார்கள். போய்வரும் சுழற்சி, குடும்ப வழியிலான சங்கிலித் தொடர் இடப்பெயர்வாக மாறியது. உழைக்கும் கைகளை மட்டும் எண்ணித் திட்டம் போட்டவர்கள், அந்தக் கைகளுக்கு உரியவர்களின் வாழ்க்கையை எண்ணவில்லை. எந்த நாட்டு இடப்பெயர்வுக் கொள்கையைப் படித்தாலும் இந்த இடத்தை நினைவில் வையுங்கள். படி 2இல் குறித்த 1964க்கும் இந்த 1973க்கும் இடையே ஒரு கோடு போடுங்கள். தற்காலிகம் நிரந்தரமான பாதை அது.

படி 5: பரவல் – நின்று நிதானமாகப் படிக்க வேண்டிய படி

நான் வெகுகாலம் சிக்கி நின்றது இங்கேதான். பண்பாட்டுப் பரவலை இரண்டாகப் பிரிப்பார்கள். ஆட்கள் இடம் மாறி, கூடவே பண்பாட்டையும் கொண்டுபோவது இடமாற்றப் பரவல். ஆட்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பண்பாடு மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது விரிவுப் பரவல். படித்தால் தெளிவாக இருக்கிறது. உண்மையான எடுத்துக்காட்டில் வைத்தால் குழம்புகிறது, ஏனென்றால் இரண்டிலும் கடைசியில் அந்தப் பண்பாடு புதிய இடத்தில் நிற்கிறது.

குழப்பத்தைத் தீர்த்தது ஒரு சோதனை. சேர்ந்த இடத்தைப் பார்க்காதீர்கள். புறப்பட்ட இடத்தைப் பாருங்கள்.

ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் தோன்றி, 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயரத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் எஞ்சியிருந்த கடைசிச் சபை 1937இல் மெனோனைட் என்ற இன்னொரு கிறித்தவப் பிரிவின் சபையோடு இணைந்துவிட்டது. இன்று வட அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருக்கும் சமூகம் தோன்றிய மண்ணில் இல்லை. ஆட்கள் போனதால் பண்பாடும் போயிற்று. இது இடமாற்றப் பரவலின் தெளிவான வடிவம். எல்லா நேரமும் புறப்பட்ட இடம் இப்படி முழுதாகக் காலியாகாது. ஆனால் "போனவர்கள் இல்லாமல் இது அங்கே போயிருக்குமா?" என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

அடுத்து, ஒரே பண்பாடு இரண்டு வழியிலும் போவதைப் பாருங்கள். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின அமெரிக்கர்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். மிசிசிப்பி டெல்டாவின் புளூஸ் இசை அவர்களோடு சிகாகோ சேர்ந்து, அங்கே மின்கித்தார் ஏந்தியது. இது இடமாற்றப் பரவல். பிறகு அதே இசை இசைத்தட்டுகள் வழியாக பிரிட்டன் போய், 1960களில் அங்கிருந்த இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. சிகாகோவாசிகள் அங்கே குடியேறவில்லை. இது விரிவுப் பரவல். "புளூஸ் எந்தப் பரவல்?" என்ற கேள்வியே தவறு. "எந்தக் கட்டத்தில் எந்தப் பரவல்?" என்று கேளுங்கள். தாளில் ஆள் போன அம்பை முழுக்கோடாகவும், கருத்து மட்டும் போன அம்பைப் புள்ளிக்கோடாகவும் வரைந்தால் குழப்பமே வராது.

விரிவுப் பரவலின் உள்வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவருக்கு அடுத்தடுத்துப் பரவுவது தொற்றுப் பரவல். மேலிருந்தோ பெருநகரிலிருந்தோ இறங்குவது படிநிலைப் பரவல். 988இல் கீவ் இளவரசர் விளாதிமிர் கிறித்தவத்தை ஏற்க, குடிமக்களும் ஏற்க வைக்கப்பட்டது நல்ல எடுத்துக்காட்டு. பொருள் வராமல் அதன் எண்ணம் மட்டும் வந்து புதியதொன்றைப் பிறப்பிப்பது தூண்டல் பரவல். அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான செரோக்கி இனத்தவர் செக்கோயா ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரியாதவர். பேச்சைக் குறிகளால் எழுதலாம் என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 1821 அளவில் தன் மொழிக்கு ஓர் அசை எழுத்து முறையையே உருவாக்கினார். தனியொரு மனிதரின் அந்தச் சாதனையை இரண்டு வரி எடுத்துக்காட்டாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. நேரம் இருந்தால் அவரைப் பற்றித் தேடிப் படியுங்கள்.

படி 6: வந்தபின் என்ன ஆகிறது?

ஜான் பெரி என்ற உளவியலாளரின் இரண்டு கேள்விகள் இங்கே உதவும். தன் பண்பாட்டைக் காக்க விரும்புகிறாரா? புதிய சமூகத்தோடு பழக விரும்புகிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஒருங்கிணைவு. முதலாவதுக்கு இல்லை, இரண்டாவதுக்கு ஆம் என்றால் தன்மயமாதல். முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்றால் பிரிந்து வாழ்தல். இரண்டுக்கும் இல்லை என்றால் விளிம்புக்குத் தள்ளப்படுதல்.

இந்தப் பாகுபாட்டோடு நிறுத்தாதீர்கள். முடிவு வந்தவர் கையில் மட்டும் இருப்பதுபோல அது தோன்றச் செய்யும். வந்த இடம் எவ்வளவு இடம் கொடுத்தது என்ற வரியையும் நான் எப்போதும் சேர்ப்பேன். பிறக்கும்போதே கிடைக்கும் ஜெர்மன் குடியுரிமை 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் வழியாக மட்டுமே வந்தது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து வளர்ந்த தொழிலாளர் பிள்ளைகளும் சட்டத்தின் முன் வெளிநாட்டவர்தான். 2000 ஜனவரி 1 முதல்தான் சில நிபந்தனைகளோடு பிறப்பு வழிக் குடியுரிமை வந்தது. இதை விட்டுவிட்டு "அவர்கள் ஒன்றவில்லை" என்று எழுதுவது அநியாயம்.

படி 7: நிலத்தில் தேடுங்கள்

மனிதர்கள் இயற்கை நிலத்தின்மேல் பண்பாட்டால் உருவாக்குவதே பண்பாட்டு நிலத்தோற்றம் என்று 1925இல் புவியியலாளர் கார்ல் சாவர் விளக்கினார். 1929இல் இன்னொரு புவியியலாளரான டெர்வென்ட் விட்டில்சி, ஒரே இடத்தில் ஒருவர்பின் ஒருவராகக் குடியேறுவோர் அடுக்கடுக்காகத் தடம் விடுவதைத் தொடர் குடியிருப்பு என்ற கருத்தாக்கினார். இதற்கு நான் துருக்கியர் எடுத்துக்காட்டை விட்டுவிட்டு லண்டனுக்குப் போகிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவான கட்டடம் எனக்குத் தெரியாது. பிரிக் லேனில் ஒரு செங்கல் கட்டடம். பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டண்ட்) மக்களுக்காக 1743இல் தேவாலயமாகக் கட்டப்பட்டது. பிறகு மெதடிஸ்ட் தேவாலயம். 1898இல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக்கூடம். 1976 முதல் வங்காளதேசத்தவர் மிகுந்த பகுதியின் பள்ளிவாசல். சுவர் ஒன்று, வந்து சேர்ந்த அலைகள் பல. படி 2 முதல் 6 வரை கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் இந்த ஒரே கட்டடத்திடம் கேட்டுப் பயிற்சி செய்யலாம்.

பின்சேர்க்கை 1

வரைபடத்தில் நாடுகளுக்கு நிறம் தீட்டும்போது மொத்த எண்ணிக்கையா, விழுக்காடா என்று சிலர் கேட்டிருந்தார்கள். விழுக்காடு. 2020இல் அதிக இடம்பெயர்ந்தோர் வாழ்ந்தது அமெரிக்காவில், சுமார் 5.1 கோடிப் பேர். ஆனால் மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றே குறைவாக இடம்பெயர்ந்தோரைக் கொண்டது ஐக்கிய அரபு அமீரகம். எண்ணிக்கையை மட்டும் தீட்டினால் அமீரகம் வெளிறிப்போய்விடும்.

பின்சேர்க்கை 2

ஐ.நா. வெவ்வேறு ஆண்டுகளில் வெளியிட்ட அட்டவணைகளில் 2020க்கு 28.1 கோடி, 2024க்கு 30.4 கோடி என்று பார்த்த ஒரு வாசகர், நான்கு ஆண்டில் 2.3 கோடிப் பேர்தான் இடம்பெயர்ந்தார்களா என்று கேட்டார். அப்படிக் கழிக்கக் கூடாது. அது இருப்பு, அதாவது அந்த நேரத்தில் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்பவர்களின் தொகை. இடையில் வந்தவர், திரும்பியவர், இறந்தவர் எல்லோரும் அதில் கலந்துவிடுகிறார்கள். எல்லை நகர்ந்தாலும் இருப்பு மாறும். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது, ரஷ்யாவில் பிறந்து கஜகஸ்தானில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் வீட்டை விட்டு அசையாமலே பன்னாட்டு இடம்பெயர்ந்தோர் ஆனார்கள்.

பின்சேர்க்கை 3

படி 2இன் மூன்றாவது கேள்வியில் பலர் தடுமாறுவதாகத் தெரிகிறது. 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களால் வரும் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டுக்கு வெளியே இருப்பவரையே அகதி என்கிறது. எல்லை தாண்டாவிட்டால் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். வெள்ளமோ வறட்சியோ விரட்டினால், அது கட்டாய இடப்பெயர்வுதான். ஆனால் அந்தக் காரணம் உடன்படிக்கையில் இல்லை. ஆகவே தாளில் "காலநிலை அகதி" என்று எழுதாமல் "சூழல் காரணமான இடப்பெயர்வு" என்று எழுதி, எல்லை தாண்டினார்களா இல்லையா என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.