அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுபோன பேட்டரி

நான்கு நாளாக என் லேப்டாப் 62 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறவில்லை. செருகியிருக்கிறது என்று காட்டும், எண் மட்டும் நகராது.

பேட்டரி டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். லேப்டாப் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸை ரீசெட் செய்தேன். 60 சதவீதத்தோடு நிறுத்தும் 'பேட்டரி பாதுகாப்பு' வசதியாக இருக்குமோ என்று தேடினேன். அது அணைந்துதான் இருந்தது. அப்புறம் புது பேட்டரியே வாங்கிப் போட்டேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. வீண் செலவு.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. லேப்டாப்பை அணைத்துவிட்டு சார்ஜ் போட்டால் 70 வரை போனது. மென்பொருள் கோளாறு என்றால் இப்படி மாறாதே?

சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். இன்புட் 100-240 வோல்ட் என்ற வரியை முன்பே படித்துவிட்டு 'சரியாகத்தான் இருக்கிறது' என்று விட்டிருந்தேன். அது பெரும்பாலான சார்ஜர்களில் இருக்கும். பார்க்க வேண்டியது அவுட்புட். லேப்டாப்பின் அடியில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், சார்ஜரில் 16 வோல்ட். அது பழைய ஸ்கேனருடைய சார்ஜர், செருகும் முனை மட்டும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது!

என் பேட்டரியில் நான்கு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. முழுதாக நிரம்ப 16.8 வோல்ட் வேண்டும். என் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் சார்ஜ் சர்க்யூட் வோல்டேஜைக் குறைக்கத்தான் செய்யும், ஏற்றாது. லேப்டாப் ஓடும்போது சார்ஜரின் வோல்டேஜ் இன்னும் இறங்கியதால் முன்னதாகவே நின்றிருக்கிறது.

19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் சார்ஜர் ஒன்றை, செருகும் முனையின் நடுவில் பிளஸ் என்ற குறியையும் சரிபார்த்து மாட்டினேன். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, தேவையானதை மட்டுமே லேப்டாப் இழுக்கும். அன்று மாலையே 100 காட்டியது.