தொட்டுக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும்: மூளைப் படங்களைப் படிப்பதில் வரும் தவறுகள்

ஒளிரும் நியூரான்கள் (நரம்பணுக்கள்) பின்னிப் பிணைந்து கிடக்கும் படத்தைப் பார்த்ததும் "இதோ, இது அதோடு சேர்கிறது" என்று சொல்லிவிடத் தோன்றும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். சாதாரண ஒளி நுண்ணோக்கி, சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருங்கிவிட்ட இரண்டு புள்ளிகளை ஒன்றாகவே காட்டும். ஆழவாக்கில் நிலைமை இன்னும் மோசம். ஒரு நியூரான் அடுத்ததற்குச் செய்தி கடத்தும் சந்திப்பான சினாப்ஸில் உள்ள இடைவெளியோ ஏறத்தாழ 20 நானோமீட்டர்தான். ஒட்டியிருப்பதாகத் தெரியும் இரண்டு இழைகள் சும்மா உரசிக்கொண்டு போகிறவையாகவும் இருக்கலாம்.

போதாக்குறைக்கு, அடுக்கடுக்காக எடுத்த படங்களை அழுத்தி ஒரே தட்டைப் படமாக்கிவிடுகிறோம். மேலே போன இழையும் கீழே போன இழையும் அதில் முட்டிக்கொள்ளும். அட்டைப்படத்துக்கு அழகுதான், ஆனால் இணைப்பைத் தீர்மானிக்க அடுக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டியாக வேண்டும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், சினாப்ஸின் இருபுறப் புரதங்களுக்கும் தனித்தனி நிறம் ஏற்றிப் பார்க்கலாம். திசுவையே நான்கு மடங்குக்கு மேல் உப்பவைத்துப் படமெடுக்கும் முறையும் 2015 முதல் இருக்கிறது. கடைசித் தீர்ப்பு இன்றைக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியிடம்தான்.

இதில் ஏமாந்தவர்கள் சாமானியர்கள் அல்ல. 1873-இல் இத்தாலிய அறிஞர் கமிலோ கோல்ஜி கண்டுபிடித்த சாயத்தை வைத்தே அவர் மூளையை ஒரே தொடர்வலை என்றார். அதே சாயத்தில் ஸ்பானிய அறிஞர் காஹால் தனித்தனி நரம்பணுக்களைக் கண்டார். 1906 நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டபோதும் கோல்ஜி தன் வலையை விட்டுக்கொடுக்கவில்லை! அந்தச் சாயம் மிகச் சில நியூரான்களில் மட்டுமே ஏறும். எல்லாவற்றிலும் ஏறியிருந்தால் வெறும் கறுப்புத் திட்டுதான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே, நிறமேறாத இடத்தில் நரம்பணுவே இல்லை என்று எண்ணுவது அடுத்த தவறு. 2013-இல் வந்த கிளாரிட்டி போன்ற முறைகள் எலியின் முழு மூளையையும் கண்ணாடிபோல ஆக்குகின்றன. ஆனால் நிறத்தைச் சுமந்துபோய் ஒட்டவைக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் உள்ளே ஊறிச்செல்ல நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் ஓரம் பளிச்சென்றும் நடுப்பகுதி இருட்டாகவும் இருக்கும்.

இப்படிக் கண்ணாடிபோலத் தெளிவாக்கும்போது திசு சுருங்கும், அல்லது உப்பும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10% சுருங்கினால் கன அளவு 27% குறைந்துவிடும். நரம்பணுக்களின் அடர்த்தி 37% கூடியதாகக் கணக்கு வரும். முன்னும் பின்னும் அளந்து வைக்காதவர்கள் இதைப் புதிய கண்டுபிடிப்பாக எழுதிவிடுவார்கள்.

வயதான மூளையில் லிபோஃபசின் என்ற கழிவு நிறமி தானாகவே ஒளிரும்; அதைச் சாயத்தின் ஒளி என்று எண்ணிவிடலாம். சாயமே போடாத ஒரு துண்டையும் அதே அமைப்பில் படமெடுத்துப் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.